திருவல்லிக்கேணியிலிருந்து ஜெனீவா வரை: சீனிவாச சாஸ்திரியின் பயணங்கள் எதைக் கற்றுத் தந்தன?

மாநில அமைச்சரோ, எம்எல்ஏக்கள் குழுவோ ஐரோப்பாவுக்குக் கிளம்பினால் இங்கே உடனே ஒரு கேள்வி எழும். படிக்கப் போகிறார்களா, பார்க்கப் போகிறார்களா? போய் வந்தவர்கள் அங்குள்ள குப்பை மேலாண்மை பற்றியும் மெட்ரோ ரயில் பற்றியும் நாலு வாரம் பேசுவார்கள். அதற்குப் பிறகு ஊர் வழக்கம்போல நடக்கும். இந்தக் கிண்டல் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே, திருவல்லிக்கேணியில் வாத்தியார் வேலை பார்த்த ஒருவர் இதே கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு உலகத்தைச் சுற்றினார். அவர் பெயர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி.

மயிலாப்பூர் லஸ்ஸில் கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு ரானடே நூலகத்தின் மாடியிலுள்ள சாஸ்திரி ஹால் தெரிந்திருக்கும். அந்த சாஸ்திரிதான் இவர். பெரும்பாலானவர்களுக்கு இவரைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்: இங்கிலீஷ்காரர்களே அசந்துபோகும்படி இங்கிலீஷ் பேசியவர். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு புகழே அவருடைய மற்ற வேலைகளை மூடிவிட்டது. அவர் எங்கெல்லாம் போனார், யாரிடம் பேசினார், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, எங்கே கோட்டை விட்டார் என்பது பற்றிப் பேச்சே இல்லை.

பெரிய தெருவும் ராச்டேலும்

சாஸ்திரி பிறந்தது 1869 செப்டம்பர் 22-ம் தேதி, கும்பகோணம் பக்கத்தில் வலங்கைமானில். காந்தியைவிடப் பத்து நாள் மூத்தவர். அப்பா புரோகிதர், வீட்டில் வறுமை. கும்பகோணத்தில் படித்து, மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்துவிட்டு, சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி பெரிய தெருவில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார். கறாரான வாத்தியார். ஆசிரியர்களுக்கு என்று ஒரு சங்கம் வேண்டும் என முன்நின்றவர்களில் ஒருவர்.

அந்தக் காலத்து திருவல்லிக்கேணி சாதாரண இடமல்ல. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் வக்கீல்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், மாணவர்கள் என்று படித்த கூட்டம் நெருக்கியடித்து வாழ்ந்தது. 1878-ல் 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கிய ஆறு இளைஞர்களை 'திருவல்லிக்கேணி அறுவர்' என்றே சொல்வார்கள். அவர்களில் ஒருவரான ஜி.சுப்பிரமணிய ஐயர் 1897-ல் லண்டன் போய், இந்தியாவின் வரவு செலவை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொன்னார். ஆக, இந்தத் தெருக்களிலிருந்து கோப்பையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் வழக்கத்தை சாஸ்திரி தொடங்கி வைக்கவில்லை. கடல் தாண்டினால் சாதிக்கு ஆகாது என்ற பேச்சு இன்னும் ஓயாத காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாஸ்திரியின் பொதுவாழ்க்கையில் முதல் உருப்படியான காரியம் ஒரு மளிகைக் கடை. 1904-ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் சென்னை ரேஷன் கடைப் பலகைகளில் 'டியுசிஎஸ்' என்று பார்க்கிறோமே, அதுதான். யோசனை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ராச்டேல் என்ற நெசவாலை ஊரில் 1844-ல் 28 பேர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸும் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்கள். கலப்படம் கிடையாது, அளவில் மோசடி கிடையாது, லாபம் வாங்கியவர்களுக்கே. அந்த ஏற்பாட்டை திருவல்லிக்கேணி அரிசிக்கும் பருப்புக்கும் பொருத்தினார்கள். 1904-ல் இந்தியாவில் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்த நேரத்தில் நுகர்வோருக்கான கூட்டுறவுக் கடை என்பது இந்தியாவுக்கே புதுசு.

சாஸ்திரி அப்போது ஐரோப்பாவைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை. ஐரோப்பாவில் பார்த்ததை ஊரில் நட்டு வளர்ப்பதுதான் ஆய்வுப் பயணத்தின் பலன் என்றால், அவர் கப்பலேறுவதற்கு முன்பே செய்துமுடித்த இந்தக் காரியத்துக்குத்தான் ஆயுள் அதிகம். கொஞ்சம் வேடிக்கையான விஷயம்தான் இது.

கோகலே சொல்லிக்கொடுத்த வழி

1905-ல் கோபால கிருஷ்ண கோகலே புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். சொற்ப சம்பளத்தில் வாழ்நாள் முழுக்க நாட்டு வேலை செய்கிறவர்களின் சங்கம் அது. சேர்கிறவர்கள் ஐந்து வருஷம் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் ஒரு பெரிய பங்கு ஊர் சுற்றிப் பார்ப்பது. புள்ளிவிவரம், அரசாங்க அறிக்கை, நேரில் விசாரணை ஆகிய மூன்றும் இல்லாமல் மேடை ஏறக்கூடாது என்பது கோகலேயின் கொள்கை. காந்தி 1915-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபோது, ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் நாட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று சொன்னதும் இதே கோகலேதான்.

சாஸ்திரி தலைமை ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு 1907-ல் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார். குடும்பஸ்தர், நல்ல சம்பளம், ஊரில் மரியாதை. அத்தனையும் விட்டுப் போனது லேசான முடிவு அல்ல. 1915-ல் கோகலே இறந்ததும் சங்கத்தின் தலைவரானார். அதற்குள் சென்னை சட்ட மேலவையில் இடம் கிடைத்திருந்தது; 1916-ல் டெல்லி பேரவைக்கும் போனார்.

1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அங்கே அவர் பேசிய பேச்சு நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் அடுத்த மாதமே, அதே சட்டத்தை எதிர்த்து காந்தி சத்தியாகிரகம் அறிவித்தபோது சாஸ்திரி அதில் சேரவில்லை. சட்டத்தை மீறுவது அவருக்கு ஒவ்வாத வழி. திருவல்லிக்கேணி கடற்கரை மணலில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடிய நாட்கள் அவை. அந்த மணலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவரின் அரசியல் அதன் பிறகு மண்டபங்களிலும் மாநாட்டு மேசைகளிலும்தான் நடந்தது.

லண்டனில் ஒரு மெட்ராஸ்

அந்த வருஷமே முதல்முறையாக லண்டன் போனார். இந்தியாவுக்கு எந்த அளவு அதிகாரம் கொடுப்பது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கூட்டுக் குழு விசாரித்துக்கொண்டிருந்த நேரம். மிதவாதிகள் தரப்பில் சாஸ்திரி. காங்கிரஸ் தரப்பில் திலகரோடும் விட்டல்பாய் படேலோடும் போனவர்களில் எஸ்.சத்தியமூர்த்தி; அவரும் திருவல்லிக்கேணிக்காரராக அறியப்பட்டவர். நீதிக்கட்சி தரப்பில் டாக்டர் டி.எம்.நாயர், கே.வி.ரெட்டி நாயுடு, ஏ.ராமசாமி முதலியார். அன்னி பெசன்ட் வேறு. மெட்ராஸ் அரசியலின் பாதி லண்டனுக்கு இடம் மாறிவிட்ட மாதிரி இருந்தது.

நாயர் சாட்சி சொல்வதற்கு முன்பே, ஜூலை 17-ம் தேதி லண்டனிலேயே இறந்துபோனார். பிராமணரல்லாதாருக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்ற அவர் கட்சியின் கோரிக்கையை மற்றவர்கள் எடுத்துச் சென்றார்கள். ஊரில் ஒருவரை ஒருவர் மேடைக்கு மேடை கிழித்துக்கொண்டவர்கள், ஆறாயிரம் மைல் தள்ளிப் போயும் அதையே செய்தார்கள். பிரிட்டிஷ் எம்பிக்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. மெட்ராஸ் மாகாணத்துக்குள் யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்ற கேள்வி சாஸ்திரி போன்ற பிராமணத் தலைவர்கள் மீது அப்போதே விழுந்துவிட்டது. கடைசி வரை அது அவரை விடவில்லை.

1921 சாஸ்திரியின் உச்சமான வருஷம். லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் போன மூன்று பேரில் ஒருவர். இந்தியா பேரரசின் சம உறுப்பினர் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியனுக்கு ஓட்டு ஏன் இல்லை? இதுதான் அவர் கேட்டது. ஒரு தீர்மானம் நிறைவேறியது. இந்த முரண்பாட்டை மாநாடு ஒப்புக்கொண்டது. தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் மட்டும் தன் நாடு இதற்கு உடன்படாது என்று பதிவு செய்தார்.

அங்கிருந்து செப்டம்பரில் ஜெனீவா, சர்வதேச சங்கத்தின் பேரவை. உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து பிடுங்கிய ஆப்பிரிக்கப் பகுதிகளை வேறு நாடுகள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அங்கே இந்தியர்களின் நிலை ஜெர்மானியர் காலத்தைவிட மோசமாகிவிடக் கூடாது என்ற கவலையை அங்கே எழுப்பினார். நவம்பரில் வாஷிங்டன், போர்க்கப்பல் குறைப்பு மாநாடு. இந்தியாவுக்காக அங்கே கையெழுத்து போட்டவர் சாஸ்திரி. சொந்தமாக ஒரு போர்க்கப்பல் கூட இல்லாத நாட்டின் சார்பில் போர்க்கப்பல் ஒப்பந்தத்தில் கையெழுத்து! சும்மா அலங்காரத்துக்கு உட்கார வைத்தார்கள் என்று ஊரில் பலர் பேசினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஓட்டுக்காக ஒரு சுற்று

1922-ல் போனது அலங்காரப் பயணம் அல்ல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய மூன்று நாடுகளுக்கும் நேரில் போய், அங்கே குடியேறியிருந்த இந்தியர்களின் நிலையைப் பார்த்து, 1921 தீர்மானத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்பதற்காக இந்திய அரசு அவரை அனுப்பியது. செயலாளராக கூடப் போனவர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். சுதந்திர இந்தியாவின் வெளியுறவுத் துறையைக் கட்டியவர்களில் ஒருவராகப் பின்னாளில் ஆனவர் அவர். இந்தியத் தூதர் என்று ஒரு வேலையே இல்லாத காலத்தில் அந்த வேலையை இருவரும் போகிற போக்கில் கற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஊர் நிலவரத்தைப் பார்க்க வேண்டும். அந்த மார்ச் மாதம்தான் காந்திக்கு ஆறு வருஷம் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் உள்ளே இருந்தார்கள். அதே அரசாங்கத்தின் செலவில், அதே அரசாங்கத்தின் பிரதிநிதியாக, சாஸ்திரி கப்பலேறினார். காங்கிரஸ்காரர்கள் சும்மா விடுவார்களா? சொந்த நாட்டிலேயே உரிமை இல்லாதவன் அடுத்த நாட்டில் போய் என்ன உரிமை கேட்பான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவிலும் சிலர் அதையே வேறு விதமாகக் கேட்டார்கள்.

ஒரு விஷயத்தில் அவர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போனார். யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை என்று 1918-லேயே பேரரசு மாநாடு முடிவு செய்திருந்தது. இந்தியாவும் அதற்குத் தலையாட்டியிருந்தது. அதனால் வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற ஆஸ்திரேலியாவின் கொள்கையை அவர் தொடவில்லை. புதிதாக யாரையும் சேர்க்கச் சொல்லவில்லை, ஏற்கெனவே இருக்கிறவர்களை மனுஷர்களாக நடத்துங்கள் என்பதே அவர் வாதம். பெர்த்திலிருந்து பிரிஸ்பேன் வரை மேயர்கள், தொழிற்சங்கத்தார், பெண்கள் சங்கங்கள், பத்திரிகை ஆசிரியர்கள் என்று ஒருவர் விடாமல் சந்தித்தார். வெள்ளைத் தொழிலாளியின் பயம் என்ன, கூலி குறைந்துவிடும் என்பதா, நிறமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். எதிராளியின் அச்சத்தைப் புரிந்துகொண்டு பேசுவது அவர் வகுப்பறையில் கற்ற வித்தையாக இருக்கலாம்.

பலன் உடனே வரவில்லை. 1925-ல்தான் ஆஸ்திரேலியா தேர்தல் சட்டத்தைத் திருத்தி, அங்கு குடியிருந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. முதியோர் பென்ஷன் அடுத்த வருஷம் வந்தது. பயனடைந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். குயின்ஸ்லாந்து கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்தவர், ஊர் ஊராகத் துணி மூட்டை சுமந்து விற்றவர், இப்படிப்பட்டவர்கள். ஆனால் ஒருவர் நேரில் போய்ப் பேசியதற்கும் ஒரு நாட்டின் சட்டம் மாறியதற்கும் இவ்வளவு நேரான தொடர்பு வேறு பயணங்களில் சுலபத்தில் கிடைக்காது. கனடாவில் கதை வேறு. பெரும்பாலான இந்தியர்கள், குறிப்பாக சீக்கியர்கள், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருந்தார்கள். அந்த மாகாணம் அசைந்து கொடுக்கவில்லை.

1923-ல் கென்யா அவர் நம்பிக்கையில் பெரிய ஓட்டை போட்டது. அங்கே இந்தியர்கள் வெள்ளையரைவிட எண்ணிக்கையில் அதிகம். ஆனால் வளமான மேட்டு நிலம் வெள்ளையருக்கு மட்டும். சாஸ்திரி தலைமையில் ஒரு குழு லண்டன் போய் வாதாடியது. ஜூலையில் வந்த வெள்ளை அறிக்கை, கென்யா முதலில் ஆப்பிரிக்கருக்கே உரியது என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு, சட்டமன்றத்தில் வெள்ளையருக்கு 11 இடம், இந்தியருக்கு 5 இடம் என்று தனித்தொகுதி கொடுத்தது. மேட்டு நிலம் வெள்ளையரிடமே இருந்தது. கோபம் என்பதே வெளியே தெரியாத சாஸ்திரி அன்று கொதித்தார். லண்டன் வெம்ப்ளியில் நடக்கவிருந்த பேரரசுக் கண்காட்சியை இந்தியா புறக்கணிக்க வேண்டும் என்று பேசுகிற அளவுக்குப் போனார். ஒத்துழையாமையை எதிர்த்தவர் வாயிலிருந்தே இப்படி ஒரு பேச்சு!

டர்பனில் ஒன்றரை வருஷம்

பயணம் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஓர் இடத்தில் தங்கி வேலை பார்த்தது தென்னாப்பிரிக்காவில்தான். மெட்ராஸ் துறைமுகத்துக்கும் அந்த நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து கிளம்பி, நவம்பர் 16-ம் தேதி டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை அப்படிப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். பாதிக்கும் மேல் மெட்ராஸ் வழியாகப் போனவர்கள். அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் துரத்திவிடத்தான் அங்கே சட்டம் தயாராகிக்கொண்டிருந்தது.

1927-ல் கேப்டவுன் உடன்படிக்கை அதைத் தற்காலிகமாக நிறுத்தியது. விரும்பியவர்கள் பண உதவியோடு இந்தியா திரும்பலாம். தங்குகிறவர்களைத் தென்னாப்பிரிக்க அரசு முன்னேற்ற வேண்டும். இந்த உடன்பாட்டைக் கண்காணிக்க இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் அங்கே இருப்பார். அந்த முதல் ஏஜென்ட் சாஸ்திரியாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் காந்தியே. அரசியலில் எதிர் எதிர்த் திசை. ஆனால் இருவருக்கும் குரு கோகலே.

1927 ஜூனிலிருந்து 1929 ஜனவரி வரை அங்கே இருந்தார். கிளர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் வெள்ளையர் கும்பல் ஒன்று அவர் கூட்டத்தில் புகுந்து கலகம் செய்தது. அதே நாட்டில் வேறு ஊர்களில் அவர் பேச்சைக் கேட்க வெள்ளையர்கள் வரிசையில் நின்றார்கள். இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் கிடைக்க வழியில்லை என்று பார்த்ததும், வியாபாரிகளிடமும் சாதாரணக் குடும்பங்களிடமும் நன்கொடை திரட்டி டர்பனில் பள்ளி ஒன்றைக் கட்ட வைத்தார். 1928-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பெயர் சாஸ்திரி கல்லூரி. எங்கே போனாலும் வாத்தியார் புத்தி போகவில்லை. கரும்புத் தோட்டக் கூலியின் பேரன் டாக்டராகவும் வக்கீலாகவும் ஆக அந்தப் பள்ளி வாசலாக இருந்தது.

ஆனால் உடன்படிக்கையின் இன்னொரு பாதியை மறந்துவிடக் கூடாது. பண உதவி வாங்கிக்கொண்டு மெட்ராஸில் இறங்கியவர்களில் பலருக்கு இங்கே சொந்த ஊரே இல்லாமல் போயிருந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள வெயிலும் புதிது, சாதியும் புதிது. கையிலிருந்த காசு கரைந்ததும் திண்டாடினார்கள். மதிப்போடு எட்டிய சமரசம் என்று புகழப்பட்ட ஒப்பந்தத்தின் விலையை இவர்கள்தான் கொடுத்தார்கள்.

மலாயாவில் சறுக்கிய இடம்

வட்டமேஜை மாநாடுகள், காந்தி–இர்வின் ஒப்பந்தத்துக்கான தூது, 1935-லிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி என்று அடுத்த வருஷங்கள் ஓடின. 1936 கடைசியில், 67 வயதில், இன்னொரு பயணம் வந்தது. மலாயாவில் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளர்களின் நிலையை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும்.

இது மற்ற பயணங்களைப் போன்றது அல்ல. ஆஸ்திரேலியாவில் பார்த்தது பெரும்பாலும் வட இந்தியர்களை. மலாயாத் தோட்டங்களில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் பதிந்து, கப்பலில் அடைந்து, பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியவர்கள். பலர் சாஸ்திரி பிறந்த தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்தும் திருச்சி, சேலம் பக்கத்திலிருந்தும் போனவர்கள். நிலமில்லாத, தீண்டாமையில் வதைபட்ட குடும்பங்கள் நிறைய. கங்காணி என்பவர் தன் ஊரிலிருந்தே ஆள் பிடித்துக்கொண்டு போவார். தோட்டத்தில் துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி. தொழிலாளிக்கு லயத்தில் ஓர் அறை, விடியுமுன் பால்மரக் காடு, சாயங்காலம் தோட்டத்துக் கள்ளுக்கடை.

1929-க்குப் பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் என்றிருந்த தினக்கூலி பெருமளவு வெட்டப்பட்டது. விலை மீண்ட பிறகும் கூலி மீளவில்லை. சாஸ்திரி சில வாரங்கள் சுற்றினார். 1937-ல் வந்த அறிக்கை பழைய 50, 40 சென்ட் கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிடலாம் என்றது. ஆனால் இந்தியர்கள் மலாயாவுக்குப் போவதைத் தடுக்கக் காரணம் எதுவும் இல்லை என்றும் சொன்னது.

அந்த வரியில்தான் வந்தது வினை. மலாயாவில் இருந்த படித்த இந்தியர்கள் 1936-ல் மத்திய இந்தியர் சங்கத்தை அமைத்திருந்தார்கள். தோட்ட நிர்வாகங்களைக் கடுமையாகச் சாடும் அறிக்கை ஒன்றை அவர்கள் எதிர்பார்த்தார்கள். வந்ததோ முதலாளியும் மனம் நோகாமல் படிக்கக் கூடிய அறிக்கை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தார் என்று நொந்துகொண்டார்கள்.

சாஸ்திரி மனமறிந்து யாரையும் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. அவர் பழகிய முறை அப்படி. மெல்போர்னிலும் லண்டனிலும் எதிரே உட்கார்ந்து வாதாடக் கூடியவர்களிடம் அவர் வித்தை பலித்தது. துரையும் கங்காணியும் பக்கத்தில் நிற்க, தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர் ஒருவர் கேள்வி கேட்டால், நாளைக்கும் அதே லயத்தில் வாழ வேண்டிய ஒரு பால்வெட்டுத் தொழிலாளி என்ன சொல்லிவிடுவார்? எல்லாம் நல்லா இருக்குங்க என்பார். வலங்கைமான் பக்கத்துச் சேரியிலும் அந்தத் தொழிலாளியின் அப்பா ஒரு சாஸ்திரியிடம் அப்படித்தானே சொல்லியிருப்பார்! பேச்சு ஒரே தமிழ். இடையில் நின்ற தூரம் கான்பெராவைவிட அதிகம்.

கூலி 1937-ல் பழைய அளவுக்கு ஏறியது. ரப்பர் விலை சரிந்ததும் 1938-ல் மறுபடி வெட்டினார்கள். அந்த ஜூன் மாதம், சாஸ்திரியின் பரிந்துரைக்கு நேர் எதிராக, உதவி பெற்றுத் தோட்ட வேலைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. முன்நின்றவர்களில் ஒருவர் தமிழ் நேசன் பத்திரிகையில் இருந்த ஆர்.எச்.நாதன்; அவரைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. 1921-ல் லண்டனில் ஸ்மட்ஸை வைத்துக்கொண்டு சாஸ்திரி கேட்டதும் இதே மரியாதையைத்தான்.

கடைசி வருஷங்கள்

சென்னைக்குத் திரும்பிய பிறகு அவரைச் சுற்றி வேறொரு சண்டை. தமிழில் கலைச்சொற்கள் உருவாக்க 1940-ல் மாகாண அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். சமஸ்கிருதச் சொற்களையே அதிகம் சிபாரிசு செய்கிறார்கள் என்று தமிழறிஞர்கள் கிளர்ந்தார்கள். உலகம் பூராவும் எதிராளியின் மனதைப் படித்தவருக்கு, சொந்த ஊரில் மாறிக்கொண்டிருந்த காற்று பிடிபடவில்லை. 1944-ல் மயிலாப்பூரில் ராமாயணம் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். அதற்குக் கூட்டம் குறையவில்லை.

1946 ஜனவரியில், இந்தி பிரசார சபை விழாவுக்காகச் சென்னை வந்த காந்தி, படுக்கையில் கிடந்த சாஸ்திரியை மருத்துவமனையில் போய்ப் பார்த்தார். ஏப்ரல் 17-ம் தேதி சாஸ்திரி காலமானார்.

அவர் போய் இரண்டு மாதத்துக்குள், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போடும் சட்டத்தை தென்னாப்பிரிக்கா கொண்டுவந்தது. பிரதமர் அதே ஸ்மட்ஸ். இந்தியா விவகாரத்தைப் புதிதாகப் பிறந்திருந்த ஐக்கிய நாடுகள் சபைக்கு எடுத்துப் போனது. இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட். 1946 டிசம்பர் 8-ம் தேதி, பொதுப் பேரவை தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஓட்டெடுப்புக்கு ஆதரவு திரட்டியது கெஞ்சியோ, கௌரவமாக வேண்டியோ அல்ல. நாடு நாடாகக் கணக்குப் போட்டு. அடுத்த வருஷம், சாஸ்திரி 1922-ல் கேட்டுக் கிடைக்காமல் திரும்பிய ஓட்டுரிமையை பிரிட்டிஷ் கொலம்பியா அங்குள்ள இந்தியர்களுக்குக் கொடுத்தது.